மாடி உயரட்டும், தெருவைப் பறிக்காதே!

வட சென்னையில் எங்கு நோக்கினும் அடுக்குமாடிகள் எழுகின்றன. அவற்றைக் காட்டி, “நகரம் வளர்கிறது” என்கிறார்கள் ஆட்சியாளர்கள். வளரட்டும். ஆனால் யாருடைய மண்ணில், யாருக்காக வளர்கிறது? இதைக் கேட்கும் உரிமை உழைக்கும் மக்களுக்கு உண்டு.

பெரம்பூரைப் பாருங்கள். பி. அண்ட் சி. ஆலை அங்கே நூறாண்டுக்கு மேல் ஓடியது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த வட்டாரத்திலேதான் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. அது மாளிகையில் பிறக்கவில்லை. வியாபாரி செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளரோடு பழகி, அவர்களுடைய குறைகளைக் கேட்ட தெருவில் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அந்தத் தெருவைத் தேடித்தான் வந்தார்கள்.

1996-ல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் வசதி படைத்தோருக்கான அடுக்குமாடிகள் நிற்கின்றன. தொழிலாளியின் வியர்வை ஊறிய மண்ணில் தொழிலாளிக்கு இடமில்லை!

அவனுக்கு என்ன கிடைத்தது? அருகிலேயே புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் சர்க்கார் கட்டிய அடுக்குமாடியில், 2021-ல் கை பட்டதும் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துச் சோதிக்க வேண்டி வந்தது. இதாவது சொந்த வட்டாரத்தில் கட்டப்பட்டது. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த வட சென்னைக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. கூவம், அடையாற்றுக் கரை மக்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகளில் ஏற்றப்பட்டார்கள். ராயபுரத்திலிருந்து அந்த இடங்கள் 25 கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுக்க வேண்டிய பெண் அங்கிருந்து எப்படி வருவாள்? பஸ் கட்டணம் போக அவள் கையில் என்ன மிஞ்சும்?

தெரு என்பது நடக்கும் பாதை மட்டுமல்ல. வாசலில் இட்லி சுட்டு விற்கும் தாய்க்கு அது கடை. சம்பள நாள் வரை கணக்கில் அரிசி தரும் மளிகைக்காரர் அங்கேதான் இருக்கிறார். இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பெண்ணின் குழந்தையை எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். “நாளை ஆள் வேண்டும்” என்ற செய்தி டீக்கடையில்தான் கிடைக்கிறது. எட்டாம் மாடியில் இட்லிக் கடை நடக்குமா? மின்தூக்கி நின்றுவிட்டால் முழங்கால் வலிக்காரர் கீழே இறங்குவாரா?

இதனால் குடிசை வாழ்வு சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. ஒரே குழாயடியில் நூறு குடம் காத்திருப்பதும், மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் நுழைவதும், ஒரு தீப்பொறியில் வரிசையே சாம்பலாவதும் நமக்குத் தெரியும். நல்ல வீடு வேண்டும். அது பிழைப்புக்கு அருகில் வேண்டும். இரண்டில் ஒன்றை விடு என்பது நியாயமல்ல.

இரண்டும் சேர முடியுமா? முடியும். மணலி ஆலைகளை ஒட்டிய மாத்தூரைப் பாருங்கள். அங்கே மனைப் பிரிவு போட்ட எம்.எம்.டி.ஏ.வின் பெயர், அந்த ஸ்தாபனம் சி.எம்.டி.ஏ. ஆன பிறகும் ஊரின் பெயரோடு ஒட்டி நிற்கிறது. மனை கையிலிருந்தால் ஒரு குடும்பம் முதலில் ஓர் அறை கட்டும். மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி எழுப்பும். கீழே ஒரு தையற்கடை வைக்கும். வீடும் உயரும், தெருவும் வாழும்.

பெரிய கட்டிடமே பகையும் அல்ல. வியன்னா நகரில் சோஷலிஸ்டு நகராட்சி, செல்வந்தர் மீது வீட்டு வரி போட்டு, 1930-ல் கார்ல் மார்க்ஸ் ஹோப் என்ற குடியிருப்பைத் திறந்தது. 1,300-க்கு மேற்பட்ட வீடுகள். கூடவே சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், திறந்த முற்றங்கள். 1934-ல் பாசிஸ்டு ஆட்சியின் பீரங்கிக்கு எதிரே தொழிலாளர் அதைக் காத்து நின்றனர். மாடி மனிதரைப் பிரிப்பதும் சேர்ப்பதும், அதைக் கட்டுகிறவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கும் இது புதிய செய்தியல்ல. பண்ணையார் “குடிசையைப் பிரி” என்றால் வேலையும் போகும், கூரையும் போகும் என்றிருந்த காலம் அவருக்குத் தெரியும். குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்க 1971-ல் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது. கிராமத்துக் குடிசைக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை நகரத்துக் குடிசைக்கு மறுப்பானேன்?

ஆகவே நாம் கோருவது இதுதான்: குடியிருக்கும் இடத்திலேயே, இயலாவிடில் நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் வீடு கொடு! மூடிய ஆலை நிலங்களில் தொழிலாளர் குடியிருப்புக்குப் பங்கு ஒதுக்கு! கீழ்த்தளத்தைக் கடைக்கும் பால்வாடிக்கும் விடு! மின்தூக்கியும் தண்ணீரும் சர்க்கார் பொறுப்பாகட்டும். வரைபடம் போடுமுன் மக்களைக் கூட்டிக் கேள்! குடும்பத் தலைவியின் பெயரில் கிரயப் பத்திரம் எழுது!

தோழர்களே! வெளியேற்ற நோட்டீஸ் தனித்தனி வீட்டுக்குத்தான் வரும். பதிலைத் தெரு முழுவதும் சேர்ந்து கொடுக்க வேண்டும். பேட்டைதோறும் குடியிருப்போர் சங்கம் அமைப்போம். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அதற்குத் தோள் கொடுக்கட்டும். தெருவில் பிறந்த சங்கத்தின் வாரிசுகள் நாம். தெருவை விட்டுக்கொடோம்!