ஹஸ்கிக்கு ஏசி போட்டால் போதுமா?

சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட இனம் ஹஸ்கி. அதை வேளச்சேரி அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடிக்குக் கூட்டி வருபவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: ‘அதான் ஏசி இருக்குல்ல!’

இருக்கு. ஆனால் ஆபீஸ் கிளம்பும்போது அதை ஆஃப் பண்ணிட்டுத்தானே போறாங்க? கரன்ட் போனால்?

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு தணியும். காற்றே ஈரமாக இருக்கும் சென்னைப் புழுக்கத்தில் இது சரியாக நடக்காது. நாயின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மொட்டையடித்துவிட்டால் சரியாகிடும் என்பதும் தப்புக்கணக்கு. அந்த இரட்டை அடுக்கு ரோமம்தான் வெயில் தோலில் படாமல் காக்கிறது.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் விடிவதற்குள் வாக்கிங்கை முடிப்பது நல்லது. நாய் தள்ளாடினால், எச்சில் கெட்டியாக வடிந்தால், உடனே தண்ணீரில் நனைத்து ஃபேன் காற்றில் வைத்து, டாக்டரிடம் ஓட வேண்டும்.

இனிமேல் வாங்குபவர்கள்? சிப்பிப்பாறை இந்த வெயில் பழகியது, ஆனால் ஓட இடம் வேணும். ஃப்ளாட்டுக்குத் தெருநாய்க் குட்டியே தோது. நீலக் கண் இருக்காது, அவ்வளவுதான்.