சாவி மாறினால் யாருக்குச் சொல்வது?

நான் கணினிப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நடந்தது. சம்பளக் கணக்கு இருந்த ஃபோல்டரை ஆபீஸில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று ஆகிவிட்டது. அவசரத்துக்கு அனுமதியை மாற்றியவர் திருப்பி வைக்க மறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

விண்டோஸ் சர்வர் அதைக் குறித்துத்தான் வைத்திருந்தது. ஃபோல்டருக்கு முன்கூட்டியே ஆடிட் போட்டு வைத்தால், அனுமதி மாறும்போது 4670 என்ற எண்ணில் பதிவாகும். மாற்றியவர் யார், பழைய அனுமதி என்ன, புதியது என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தப் பதிவேட்டைத் தினமும் யார் புரட்டுகிறார்கள்?

ஆகவே, அந்த எண் விழுந்ததும் மெயில் வரும்படி டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சிறு பவர்ஷெல் ஸ்கிரிப்டை இணைத்தோம். ஆர்வக்கோளாறில் எல்லா ஃபோல்டருக்கும் போட்டுவிட்டேன். மெயில் வந்து குவிந்தது. ஒரே வாரத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பிறகு முக்கியமான நான்கு ஃபோல்டர்களுக்கு மட்டும் என்று குறைத்த பிறகுதான் பயன் தெரிந்தது.

இதில் என் கருத்து ஒன்றுதான். அந்த மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும் போகக் கூடாது. அனுமதியை மாற்றுகிற கையே பெரும்பாலும் அவருடையதுதான். சம்பள ஃபோல்டர் என்றால் கணக்கு அதிகாரிக்கும் போக வேண்டும். அவருக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. "நான் மாற்றச் சொல்லவில்லையே" என்று ஒரு போன் போட்டால் போதும். அன்று அப்படி ஒருவர் கேட்டிருந்தால், மூன்று வாரம் மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும்.