ஸ்லாட் எத்தனை என்று முதலில் கேளுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நாமக்கல், சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ்கள், முட்டை வியாபாரிகள், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டி உரிமையாளர்கள், சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் என்று ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப்பில் கணக்கு எழுதிவந்த பலருக்கும் புதிது வாங்கவேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. கடைக்குப் போனதும் வரும் முதல் கேள்வி, “ஐ5 பாக்குறீங்களா, ஐ7 பாக்குறீங்களாண்ணா?” என்பதுதான். வாங்குகிறவரும் கையில் இருக்கும் பணத்தை வைத்து அதற்கு விடை சொல்கிறார். கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது என்பது என் வாதம். தொழிலுக்கு வாங்கும் லேப்டாப் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை முடிவுசெய்பவை ப்ராசஸரின் தலைமுறையும், ராம் ஏற்ற இடமிருக்கிறதா என்பதும்தான். ஐ5, ஐ7 என்ற எண்ணுக்கு அதில் பெரிய பங்கில்லை.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். டேலி பிரைம் ஓட்டுவதற்கு இன்றைய ஐ3-யே தாராளம். இயந்திரத்தைத் திணறவைப்பது டேலி அல்ல, அதோடு சேர்ந்து திறந்துகிடக்கும் மற்றவை. மாதத்தின் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யவேண்டிய நாளின் மாலையில் ஒரு கணக்காளரின் திரையைப் பாருங்கள். டேலியில் இரண்டு கம்பெனி, எக்செல்லில் நாலைந்து ஃபைல், குரோமில் ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம், ஃபாஸ்டேக் கணக்கு, வாட்ஸ்அப் வெப், பின்னணியில் ஆன்டிவைரஸ். வெளிமாநில லோடின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்பதால் அந்தத் தளமும் மூடப்படுவதில்லை. இந்த நிலையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நோய் எது என்று தெரியும். 8 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் மெமரி கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். ப்ராசஸர் பெரும்பாலும் சும்மா இருக்கும். இடம் போதாமல் எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் இடையே தரவு போய்வருவதைத்தான் ‘ப்ராசஸர் ஸ்லோ’ என்று சொல்லிவிடுகிறோம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ராமைப் பிறகு சேர்க்கலாம், ப்ராசஸரை மாற்றவே முடியாது, ஆகவே பெரிய ப்ராசஸரில் பணத்தைப் போடுவதே புத்திசாலித்தனம் என்பார்கள். ப்ராசஸரை மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் பெரிய எண் நீண்ட ஆயுளைத் தருகிறதா? 2017-இல் விலை உயர்ந்த லேப்டாப்புகளில் வந்த ஐ7-7700எச்க்யூ நான்கு கோர் கொண்டது. 2018-இல் வந்த ஐ3-8130யூ இரண்டே கோர் கொண்ட மலிவுச் சரக்கு. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அந்த ஐ7-க்கு இடமில்லை, ஐ3-க்கு இருக்கிறது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறை என்று கோடு போட்டுவிட்டார்கள். பெரிய எண்ணுக்குக் கொட்டிக்கொடுத்தவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டாலும் கதை பெரிதாக மாறவில்லை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் பத்து கோர், பன்னிரண்டு த்ரெட், 12 எம்பி கேஷ். உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.7. அந்தக் கூடுதல் 0.3-ம் மெல்லிய உடம்பும் சின்ன விசிறியும் கொண்ட லேப்டாப்பில் சில நொடிகளுக்குமேல் நிற்பதில்லை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத புக்கிங் ஆபீஸில் அதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏஎம்டி இன்னும் குழப்புகிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று பார்த்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். முன்னது நான்கு கோர், 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. பின்னது ஆறு கோர், ஜென் 3. இந்த வரிசையின் மாடல் எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதோ ‘ரைசன் 5’ மட்டும். மேலும், 7520யூ ஏற்கும் எல்பிடிடிஆர்5 வகை மெமரி போர்டிலேயே பற்றவைத்து வருவது. ஆக, ப்ராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போதே பிற்பாடு ராம் சேர்க்கும் வழியையும் தெரியாமல் அடைத்துவிடுகிறோம்.

‘ராமைப் பிறகு சேர்க்கலாம்’ என்ற பழைய நம்பிக்கை உடைவதும் இங்கேதான். லெனோவோவின் டி480 லேப்டாப்பில் ராம் செருகும் ஸ்லாட் இரண்டு இருந்தது. அடுத்து வந்த டி490-இல் ஒரு பகுதி ராம் பற்றவைக்கப்பட்டு ஒரு ஸ்லாட் மிஞ்சியது. எக்ஸ்1 கார்பனில் ஒன்றுமே இல்லை. 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் மெமரி ப்ராசஸரின் உறைக்குள்ளேயே போய்விட்டது: 16 ஜிபி அல்லது 32 ஜிபி, வாங்கும் அன்று எடுத்த முடிவுதான் கடைசி முடிவு. நாமக்கல்லில் லாரி வாங்குகிறவர் சேசிஸாக எடுத்துவந்து பட்டறையில் பாடி கட்டுவார். எத்தனை சக்கரம், எத்தனை டன் பாஸிங் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. குதிரைத்திறன் பேச்சு அப்புறம். பாடியை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம், ஆக்சில் எண்ணிக்கையை அப்படி மாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். அதே ஆள் லேப்டாப் கடையில் மட்டும் இன்ஜினை மட்டுமே விசாரித்துவிட்டு வந்துவிடுகிறார்.

செலவு கணக்கில் கழிந்துவிடும், பெரிதாகவே வாங்கிப் போடுவோம் என்றும் சிலர் சொல்வதுண்டு. லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஓட்டோடு கூடிய முட்டைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், முட்டை மட்டும் விற்கும் பண்ணைக்கு அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வழியில்லை. வரிப் பொறுப்பைச் சரக்கு அனுப்புகிறவர் தலையில் விட்டுவிட்ட லாரி நிறுவனங்களுக்கும் இதே கதிதான். இந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய தொழில்களுக்கும் ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணமும் அதன்மேல் வரியும் கைக்காசுதான்.

மெமரி விலையை வைத்து எழும் மறுப்பு நியாயமானது. ஏஐ தரவு மையங்கள் அள்ளிக்கொண்டதால் 2025-இன் பிற்பகுதியில் விலை கிடுகிடுவென ஏறியது; டிசம்பரில் மைக்ரான் தன் ‘குரூஷியல்’ சில்லறை வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ஐ7 வேண்டாம், 16 ஜிபி எடுங்கள் என்பது முன்புபோல் மலிவான அறிவுரை இல்லை. ஆனால் விலை ஏறும்போதுதான் காலி ஸ்லாட்டின் அருமை தெரியும். இன்று ஒரே 8 ஜிபி ஸ்டிக்கோடு வாங்கி, விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். போர்டில் பற்றவைத்த 8 ஜிபி-யை வாங்கியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பற்றவைத்தே வந்தாலும் 16 ஜிபி என்றால் எடுக்கலாம். ஸ்லாட் இல்லாத 8 ஜிபி-யைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் தொழிலுக்கு வாங்கக்கூடாது.

விதிவிலக்கும் இருக்கிறது. பாடி கட்டும் பட்டறையோ இன்ஜினீயரிங் யூனிட்டோ சாலிட்வொர்க்ஸில் டிசைன் போடுவதென்றால் மாடல் எண்ணில் ‘எச்’ உள்ள ப்ராசஸரும் தனி கிராபிக்ஸும் வேண்டும். அங்கே ப்ராசஸருக்குக் கொடுக்கும் காசு வேலையில் திரும்பிவரும். ஏஐ லேப்டாப் என்ற விளம்பரத்துக்கு ஃபிரைட் பில் போடும் ஆபீஸ் இப்போது மயங்க வேண்டியதில்லை.

கடைக்காரர் தரும் கொட்டேஷனில் ‘ஐ5, 8 ஜிபி’ என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ப்ராசஸரின் முழு மாடல் எண், ராம் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ, ஸ்லாட் மொத்தம் எத்தனை, அதில் காலி எத்தனை, அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும், பழுதானால் ஆள் நேரில் வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்பதையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்லாட் விவரம் தெரியாது என்று கடையில் சொன்னால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.