கடன் கொடுக்கச் சண்டையிட்டவர்கள்

"மேல்நாட்டார் கடன் கொடுத்திராவிட்டால் சீனத்திற்கு இருப்புப்பாதை ஏது?" என்று வினவுவோர் நம் சமுதாயத்திலும் உளர். வட்டி என்பது பணத்திற்குரிய வாடகையே என வாதிடும் அன்பர்களுக்கு இவ்வினா ஓர் ஆயுதமாகவே பயன்படுகிறது. 1911-ஆம் ஆண்டின் ஹுகுவாங் இருப்புப்பாதைக் கடனின் வரலாற்றை அவர்கள் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

கடன் வேண்டுவோன் கதவைத் தட்டுவான், கொடுப்போன் யோசிப்பான். இஃது உலக வழக்கு. சீனத்திலோ கொடுப்போர் கதவை இடித்தனர். காண்டன்–ஹாங்கோ பாதைக்கான உரிமையை அமெரிக்கக் குழுமம் ஒன்று வைத்திருந்தது. 1905-இல் அதை மீட்டார் ஆளுநர் சாங் சிடுங். மீட்கப் பணம் வந்தது எங்கிருந்து? ஹாங்காங்கின் ஆங்கில அரசிடம் பெற்ற 11 இலட்சம் பவுன் கடனிலிருந்து! ஒரு கயிற்றை அவிழ்க்க மற்றொரு கயிறு.

1909-இல் ஆங்கில வங்கியோடு பேச்சு இழுபட, ஜெர்மன் வங்கி நிபந்தனைகளைத் தளர்த்திக் காட்டி உள்ளே நுழைந்தது. பிரெஞ்சுக்காரரும் பந்தியில் அமர்ந்தனர். ஜூன் மாதம் மூவருக்கும் பங்கு முடிவாயிற்று. உடனே ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டாஃப்ட், சீனத்தின் ஆட்சிக் காவலரான சூன் இளவரசருக்கு நேரடியாகவே தந்தியடித்தார். எங்கள் பணத்தையும் வாங்கு என்பதே அதன் சாரம்! அப்புறம் நடந்த பேரம் சீனத்தோடன்று. 1910 மே மாதம் பாரிஸ் நகரில் நால்வரும் தமக்குள் பங்கு பிரித்துக்கொண்டனர்.

1911 மே 20-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 60 இலட்சம் பவுன். நூற்றுக்கு ஐந்து வட்டி. 40 ஆண்டுத் தவணை. நூறு பவுனுக்குச் சீனத்தின் கைக்கு வந்தது 95. வட்டியோ முழு நூறுக்கும். ஹூபே, ஹூனான் மாகாணங்களின் உப்பு வரியும் உள்நாட்டுச் சுங்கமும் ஈடாயின. தலைமைப் பொறியாளர் எந்நாட்டவராயிருக்க வேண்டும் என்பதும் முன்னரே எழுதப்பட்டது. குடியிருப்போனின் அடுப்படி உப்பையும் ஈடாகக் கேட்பது எந்த ஊர் வாடகை? வணிகத்தையும் ரிபாவையும் திருமறை வேறு பிரித்து வைத்ததன் பொருளை இங்கே கண்ணாரக் காணலாம்.

இக்கடனுக்கு வழி திறக்கவே, கையெழுத்துக்குப் பதினொரு நாள் முன்னதாக, மாகாணக் குழுமங்களின் பாதைகளை அரசு தன்னுடைமையாக்கிற்று. சிச்சுவான் மக்கள் கொதித்தெழுந்தனர். குத்தகை விளைச்சலில் நூற்றுக்கு மூன்று வீதம் பிடித்துச் சேர்த்த பணமன்றோ அது! அக்குழுமத்தின் நிர்வாகிகள் உத்தமர்கள் அல்லர். ஷாங்காய்ச் சூதாட்டச் சந்தையில் பெருந்தொகையைத் தொலைத்தவர்கள். எனினும் உழவன் கொடுத்த நெல் உண்மையானது. செப்டம்பர் 7-இல் செங்டு நகரில், மறைந்த பேரரசரின் பெயர்ப்பலகை ஏந்தி முறையிட வந்தோர்மீது குண்டு பாய்ந்தது. கலகத்தை அடக்க ஹூபேயிலிருந்து படை சென்றது. படை குறைந்த அவ்விடத்தில், வூசாங்கில், அக்டோபர் 10-இல் புரட்சி வெடித்தது. நான்கே திங்களில் மஞ்சு அரசு மறைந்தது.

கடனின்றிப் பாதை இல்லையென்போர் ஹிஜாஸ் பாதையை மறந்தனர் போலும். 1900-இல் தொடங்கி 1908-இல் மதீனாவை எட்டிய அப்பாதைக்கு அயல்நாட்டுக் கடன் கிடையாது. இந்திய முஸ்லிம்களும் அதற்கு நன்கொடை அனுப்பினர். அதைக் கட்டிய உதுமானிய அரசோ 1881 முதலே கடன்காரர் சபையின் பிடியில் தவித்தது. பட்ட சூடு தெரிந்தே அப்படிக் கட்டினர் போலும்.

சிச்சுவான் மக்கள் விரும்பிய பாதையின் ஒரு பகுதியான செங்டு–சுங்கிங் தடம், சீனத்திலேயே செய்த தண்டவாளங்களால் 1952-இல் முடிந்தது. முந்திய ஆண்டே ஹுகுவாங் கடனின் தவணை முடிந்திருந்தது. 1979-இல் பழைய பத்திரங்களை ஏந்திச் சிலர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வழக்குத் தொடுத்தனர். 1982-இல் 4 கோடி டாலருக்கும் மேல் சீனம் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. திணிக்கப்பட்ட கடனைத் தீர்க்கக் கடமையில்லையெனச் சீனம் மறுத்துவிட்டது. 1984-இல் அந்த நீதிமன்றமே தன் தீர்ப்பை நீக்கிற்று.