சாப்பாட்டு ராமன்

இந்தப் பதிவை மூணு மாசமா டிராஃப்ட்ல வெச்சுக்கிட்டு முழிச்சிட்டிருந்தேன். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க, நிச்சயம் உண்டு :) இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ். சம்பந்தப்பட்டவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரை மட்டும் போடாதடா, மத்ததெல்லாம் எழுது"ன்னுட்டான்.

வேளச்சேரியில நாங்க நாலு பேர் ஒரே வீட்ல இருந்தோம். நாலு பேருமே இன்ஜினியரிங், நாலு பேருமே ஐ.டி. அதுல ஒருத்தனுக்கு நாங்க வெச்ச பட்டப்பேர்தான் மேல இருக்கற தலைப்பு. ஆபீஸ்ல மத்தியானம் சாப்பிட மறந்துடுவான். சும்மா சொல்லலை, நிஜமாவே மறந்துடுவான். கோடுக்குள்ள தலையை விட்டா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் நிமிருவான். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து ஆரம்பிச்சா பரோட்டா, அது முடிஞ்சு பிரெட், அதுவும் முடிஞ்சு ஃப்ரிட்ஜ்ல இருக்கற மாவுல தோசைன்னு நிக்காம போகும். நாங்க சுத்தி உக்காந்து சிரிப்போம். ஒரு தடவை பந்தயம்கூட கட்டியிருக்கோம். அப்புறம் பாத்ரூமுக்குப் போனான்னா ரொம்ப நேரம் வெளிய வரமாட்டான். அதுக்கும் ஒரு ஜோக் வெச்சிருந்தோம்.

இதே ஆள்தான் வாரத்துக்கு ஒருதரம் பைக் சாவியைத் தொலைப்பான். மீட்டிங்ல யார் பேசினாலும் நடுவுல புகுந்து பேசுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல கிடார் வாங்குவான் (இன்னும் கவர்கூடப் பிரிக்கலை). கோவத்துல ரிசைன் மெயில் அனுப்பிட்டு, மறுநாள் காலைல ஹெச்.ஆர். வாசல்ல நிப்பான். சாப்பாட்டையும் இதையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கணும்னு எங்க யாருக்கும் தோணலை. அது வேற டிபார்ட்மென்ட், இது வேற டிபார்ட்மென்ட்.

27 வயசுல, வேலை போயிடும்ங்கற நிலைமை வந்தப்போ ஒரு மனநல மருத்துவர்கிட்ட போனான். ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைபாடும் மிகைத் துடிப்பும் சேர்ந்த பிரச்னைன்னு சொன்னார். சிகரெட்டையும் விடணும்னு இவன் கேட்டதால, ரெண்டுக்கும் உதவும்னு புப்ரோப்பியான்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாடு சம்பந்தமா அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நல்லா சாப்பிடறீங்களா?"

"நல்லா சாப்பிடறேன் சார்."

பொய் ஒண்ணும் இல்லையே!

மாத்திரை பேரை கூகுள்ல போட்டுப் பார்க்கற வியாதி நம்ம எல்லாருக்கும் உண்டு. அன்னிக்கு ராத்திரி என் கட்டில்ல வந்து உக்காந்தான்.

"மச்சான், இந்த மாத்திரை எனக்கு ஆகாதாம்டா."

"ஏன்டா?"

ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துட்டிருந்தான். "நான் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துடறேன்டா. காலேஜ் தேர்ட் இயர்லேர்ந்து."

மேட்டர் என்னன்னா, 1980களில் புலிமியா இருக்கறவங்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தப்போ சிலருக்கு வலிப்பு வந்தது. அதனால புலிமியா இருந்தாலோ, முன்னாடி இருந்திருந்தாலோ இதைக் கொடுக்கக் கூடாதுன்னு மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கு. டாக்டர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்தச் சீட்டே வந்திருக்காது. மறுநாள் இவன் போய்ச் சொன்னப்போ, "இதை நான் கேட்டிருக்கணும்"னு அவரே சொன்னாராம். அந்தப் பெரிய மனசுக்கு ஒரு சல்யூட். ஆனா கூகுள் பண்ணாத ஒருத்தனா இருந்திருந்தா?

அதுக்கப்புறம்தான் நானும் தேடித் தேடிப் படிச்சேன். அடக்க முடியாம சாப்பிடறது, அப்புறம் வெயிட் போட்டுடுமோங்கற பயத்துல அதை எப்படியாவது வெளியேத்தறது, இதைத் தனி நோயா விவரிச்சு புலிமியா நெர்வோசான்னு பேர் வெச்சவர் லண்டன்ல இருந்த ஜெரால்ட் ரஸ்ஸல்ங்கற மருத்துவர், 1979ல. பசியின்மை நோயோட ஒரு கிளைன்னுதான் அவர் அப்போ எழுதினார். அதனாலயோ என்னவோ, புலிமியான்னா எடை, கண்ணாடி, மாடல் அழகின்னே ஜனங்க மனசுல பதிஞ்சு போச்சு. வேளச்சேரியில பரோட்டா தின்னுட்டிருந்த ஆம்பளைப் பையனை யார் சந்தேகப்படப் போறா?

2007ல பாஸ்டன்ல ஜோசப் பீடர்மன் குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஏடிஹெச்டி இருக்கற பெண்பிள்ளைகளை அஞ்சு வருஷம் தொடர்ந்து கவனிச்சதுல, மத்த பெண்களைவிட 3.6 மடங்கு அதிகமா அவங்களுக்கு உணவுக் கோளாறு வர வாய்ப்புன்னு தெரிஞ்சது. அடுத்த வருஷம், 2008ல, அமோரி மிகாமியும் ஸ்டீபன் ஹின்ஷாவும் சேர்ந்து வெளியிட்டதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. துறுதுறுப்பு, கவனமின்மை, யோசிக்காம சட்டுனு செய்யறது, இந்த மூணுல பின்னாடி வரப்போற உணவுக் கோளாறை அதிகமா முன்கூட்டியே காட்டினது மூணாவதுதான்னு சொன்னாங்க. ராத்திரி ரெண்டு மணி கிடாரும் பத்து மணி பரோட்டாவும் ஒரே பிரேக் ஃபெயிலியரோட ரெண்டு விபத்து மாதிரி.

நம்ம பாஷையில சொன்னா ரெண்டு டிக்கெட், ரெண்டு டீம், ஒருத்தரை ஒருத்தர் சிசியில போடவே இல்லை. அதுக்காக ஒண்ணை டூப்ளிகேட்னு மூடிடவும் கூடாது. புலிமியா இருக்கற எல்லாருக்கும் ஏடிஹெச்டி கிடையாது. எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு வேணும்னு தன்னை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கறவங்களுக்கும் புலிமியா வருது. சாப்பாட்டை ஆரம்பிச்சு வைக்கறது அவசரப் புத்தின்னா, வாந்தி எடுக்க வைக்கறது வெட்கம். அந்த வெட்கத்துக்கு எரிபொருள் ஊத்தினதுல எங்க பட்டப்பேருக்கும் பங்கு இருக்கு. காலேஜ்ல அவனை "குண்டா"ன்னு கூப்பிட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

என் கருத்து இதுதான்: கவனக் குறைபாட்டுக்கு வைத்தியம் பார்க்கறவர், அதிலும் மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி, வாந்தி எடுக்கறது உண்டான்னு நேரடியாக் கேட்கணும். "நல்லா சாப்பிடறீங்களா" பத்தாது. அதே மாதிரி புலிமியாவுக்கு வைத்தியம் பார்க்கறவர், சின்ன வயசுல ஸ்கூல்ல எப்படி இருந்தீங்கன்னு கேட்கணும். ஏன்னா வைத்தியமே மாறுது. புலிமியாவுக்கு நல்ல பலன் தர்ற பேச்சு சிகிச்சையில, என்ன சாப்பிட்டோம் எப்போ சாப்பிட்டோம்னு தினம் எழுதிட்டு வரச் சொல்வாங்க. இவன் முதல்ல ஒரு கவுன்சிலர்கிட்ட போனான். நோட்டை மூணு தடவை தொலைச்சான். "உங்களுக்கே குணமாகணும்ங்கற அக்கறை இல்லை"ன்னு அவங்க சொல்லிட்டாங்க. சாவியே தொலைக்கறவன் நோட்டைத் தொலைக்க மாட்டானா?

மருந்து விஷயமும் சிக்கல்தான். கவனத்துக்குக் கொடுக்கற ஊக்கி மருந்துகள் பகல்ல பசியைக் கொன்னுடும். சாயங்காலம் மருந்து இறங்கினதும் பட்டினி கிடந்த வயிறு மொத்தமா எழுந்து உக்காரும். பகல் பட்டினிதான் புலிமியாவுக்கு வாசக்கதவு. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன்ங்கற ஊக்கி மருந்தை 2015ல அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அடங்காம உண்ணும் கோளாறுக்கு அனுமதிச்சது. ஆனா அது வாந்தி எடுக்காத வகைக்கு, புலிமியாவுக்கு இல்லை. அடிக்கடி வாந்தி எடுத்தா ரத்தத்துல பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். அதனால "என் ஃப்ரெண்டுக்கு நல்லா கேட்டுச்சு"ன்னு மாத்திரையைக் கடன் வாங்கற வேலை வேண்டாம் சாமிகளா.

"இதெல்லாம் பணக்கார வியாதி, ரெண்டு நாள் வயல்ல வேலை செஞ்சா சரியாப் போயிடும்"னு பின்னூட்டம் போட வர்ற அண்ணன்களுக்கு: அவன் அப்பா டெல்டாவுல மூணு ஏக்கர் விவசாயி. அறுவடைக்குப் போற லீவுல எல்லாம் இவனும் வயல்ல இறங்கினவன்தான். அங்கேயும் வாந்தி எடுத்தான்.

இப்போ எப்படி இருக்கான்னு கேட்பீங்க. மருந்து மாத்தியாச்சு, ரத்தப் பரிசோதனை பண்ணியாச்சு, வேற கவுன்சிலர். இவங்க நோட்டு கேட்கறதில்லை, வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பினா போதும்கறாங்க. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் போன்ல அலாரம் அடிக்கும், பசிச்சாலும் பசிக்காட்டியும் ஏதாவது சாப்பிடணும். போன வாரம் கிளையன்ட் கால்ல நடுவுல அலாரம் அடிச்சதாம். மியூட் போட்டுட்டு கடலை மிட்டாய் சாப்பிட்டானாம். வாந்தி முழுசா நின்னுடலை. முன்னாடி தினம், இப்போ மாசத்துல ரெண்டு மூணு தடவை. அன்னிக்கு வந்து சொல்லிடறான்.

பி.கு. 1: மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழ்லயும் பேசுவாங்க.

பி.கு. 2: இந்தப் பதிவுக்கு மட்டும் அனானி ஆப்ஷனைத் திறந்து வெச்சிருக்கேன். கும்மி அடிக்கறவங்க தயவுசெஞ்சு பழைய பதிவுக்குப் போயிடுங்க.