பரணில் இருந்த குறுந்தகடுகள்

சென்ற ரமழானுக்கு முந்திய வாரம் எங்கள் இல்லத்துப் பரணைத் தூய்மை செய்தபோது, மர்ஹூம் தந்தையார் அவர்கள் சேர்த்து வைத்திருந்த குறுந்தகடுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெளிப்பட்டன. எகிப்து நாட்டுக் காரீ அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத், நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்கள், ஆலிம்கள் பலரின் பயான்கள். அவற்றினிடையே மை மங்கிய ஒரு தகடு: தந்தையார் யாஸீனும் முல்க்கும் ஓதியதை 2004ஆம் ஆண்டு தமையனார் கணினியில் பதிந்து வைத்தது.

கடையில் வாங்கிய தகட்டில் ஒலி நுண்ணிய பள்ளங்களாக வார்க்கப்பட்டிருக்கும். வீட்டில் பதிந்த தகட்டிலோ அது சாயப் படலத்தில் எழுதப்படுவது. வெப்பமும் வெளிச்சமும் அச்சாயத்தைக் கெடுத்துவிடும். ஓட்டு வீட்டுப் பரணைவிடப் பொல்லாத இடம் அதற்கு வேறில்லை. யாஸீன் முழுமையாகக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். முல்க் பாதியில் திக்கி நின்றது. எனவே வீட்டில் பதிந்த தகடுகளையே முதலில் கணினிக்கு மாற்றுக. கடைத் தகடுகள் இன்னும் சிறிது காலம் பொறுக்கும்.

இன்றைய கணினிகள் பலவற்றில் தகடு செருகும் வாயில் இல்லை. யுஎஸ்பி வழியே இணைக்கும் தனிக் கருவியை வாங்கிக்கொள்ளலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள், ஐயத்திற்குரிய பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். கீறல் விழுந்த தகட்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், அவசரம் கூடாது. துடைக்கும்போது மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அன்று. பெயர் அச்சிட்ட மேற்புறந்தான் மிக மெல்லியது என்பதைப் பலர் அறியார். பந்துமுனைப் பேனாவால் அதில் எழுதிப் பாழாக்கியவர்களுள் அடியேனும் ஒருவன்.

தகட்டின் ஒலி நிமிடத்திற்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் கொள்ளும். எம்பி3 ஆக்கினால் 1 மெகாபைட்டே போதும், ஆனால் ஒலியில் ஒரு பகுதி கழிந்துவிடும். ஃபிளாக் முறையில் ஏதும் கழியாது, இடமும் ஏறத்தாழப் பாதியே. மூலப்பிரதியை ஃபிளாக்கிலும், கேட்பதற்கு உரியதை எம்பி3இலும் வைத்துக்கொண்டேன். நிதானமாக ஓதிய குர்ஆன் முழுவதும் சுமார் 30 மணி நேரம் எனக் கொண்டாலும், 32 ஜிபி அட்டையில் அது ஒரு மூலையில் அடங்கிவிடும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாடாயிற்று. 2001இல் வந்த ஐபாட் 2022இல் நிறுத்தப்பட்டது. எனினும் சிறு கருவிகள் கடைகளில் இல்லாமலில்லை. அன்னையாருக்கோ கண் பார்வை மங்கல்; தொடுதிரை ஒத்துவராது. அழுத்தினால் விரலுக்குத் தெரியும் பொத்தான், உள்ளேயே ஒலிபெருக்கி, நிறுத்திய இடத்திலிருந்தே தொடரும் வசதி – இம்மூன்றையும் பார்த்து வாங்குக. முதலில் வாங்கியதில் வரிசையைக் கலைத்து ஒலிக்கும் பொத்தான் பெரிதாக இருந்தது. அன்னையார் அறியாமல் தொட, பகராவை அடுத்து நாஸ் ஒலித்தது! திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றொன்று: சூராக்களுக்கு 001 முதல் 114 வரை மூன்று இலக்கமாகவே எண்ணிடுக. வெறும் 1, 2 என்று இட்டால் சில கருவிகள் 1க்குப் பின் 10ஐ எடுத்துக்கொள்ளும்.

இப்போது தினமும் இஷாவுக்குப் பின் அன்னையார் தந்தையாரின் குரலைக் கேட்கிறார்கள்.

“ஏன் வாப்பா, தபாரக்க சூரா மட்டும் பாதியிலேயே நின்னுடுது?”

வேறு பிரதி எடுத்து வைத்தாரா என்று தமையனாரிடம் கேட்டிருக்கிறேன். தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.