யந்திரமும் இருதய நோயாளியும்

நாள்பட்ட இருதயச் செயலிழப்பு உள்ளவர்களை வீட்டில் இருந்தபடியே இருக்கச் செய்து, தூரத்திலிருந்து கண்காணிக்கும் யந்திரங்களைப் பற்றி இப்போது வெகு ஆடம்பரமாய்ப் பேசப்படுகிறது. யந்திரம் என்றதும் கைகூப்புகிறவர்களும் இருக்கிறார்கள்; முகஞ்சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரும் யோசித்துப் பார்த்தவர்கள் அல்லர் என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வியாதியில் இருதயம் ரத்தத்தை வேண்டிய அளவு தள்ளமாட்டாமல் போவதால் உடம்பில் உப்பும் நீரும் தங்குகின்றன. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குச் சில நாள் முந்தியே பெரும்பாலும் எடை ஏறத் தொடங்கிவிடுகிறது. அப்போதே டாக்டர் நீரை இறக்கும் மருந்தைக் கூட்டினால் அநேக சமயங்களில் ஆபத்தைத் தடுக்கலாம். ஆகவே தினமும் எடையைத் தெரிவிப்பது நியாயமான யோசனைதான்.

ஆனால் நியாயமாய்த் தோன்றுவதெல்லாம் பலன் தந்துவிடுமா? அமெரிக்காவில் 1,653 நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரை மட்டும் தினமும் டெலிபோனில் ஒரு யந்திரத்துக்குத் தங்கள் நிலையைச் சொல்லச் செய்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 14 பேர் ஒரு தரங்கூடச் சொல்லவில்லை. சாவிலும், ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதிலும் இரு பகுதியாருக்கும் வித்தியாசமில்லை என்று 2010-ல் முடிவு வெளியாயிற்று.

ஜெர்மனியில் 2011-ல் வெளியான பரீட்சையும் பலன் காட்டவில்லை. ஆனால் அங்குள்ளவர்கள் தோல்வியை மறைக்கவுமில்லை, தலைவிதி என்று விட்டுவிடவுமில்லை. யாருக்குப் பயன்படக்கூடும் என்று கணக்கை ஆராய்ந்து, ஒரு வருஷத்துக்குள் இவ்வியாதியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பொறுக்கியெடுத்து மறுபடியும் பார்த்தார்கள். எடை, ரத்த அழுத்தம், இருதயத் துடிப்பு இவைகளை இரவு பகலாய் டாக்டர்களும் நர்சுகளும் கவனித்து, வேண்டியபோது மருந்தை மாற்றச் செய்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, வருஷத்துக்கு நூற்றுக்குச் சுமார் 11 ஆக இருந்த சாவு சுமார் 8 ஆயிற்று. 2020 டிசம்பரில் அந்நாட்டு இன்ஷூரன்ஸில் இம்முறையைச் சேர்க்கத் தீர்மானித்தார்கள்.

இதிலிருந்து விளங்குவதென்ன? யந்திரம் சேதி சொல்லும். அவ்வளவே அதன் யோக்கியதை. அச்சேதியைக் கேட்டு ஒரு மனிதன் எழுந்து காரியம் செய்யாவிட்டால், அது கையில் கட்டிய தாயத்துக்குச் சமானந்தான். ஆதலால் இதை விற்க வருகிறவர்களை, "நடுராத்திரியில் இதைப் பார்ப்பவர் யார்? மருந்தை மாற்றுகிறவர் யார்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்களிடம் பணத்தையும் உயிரையும் ஒப்படைக்காதீர்கள்.